முதல் பெயருக்கே வாக்கு

என் ஆயுளில் நான் எழுதிய சட்டம் ஒன்றே ஒன்று. மூன்று வரி. அது நடைமுறைக்கு வந்த முதல் நாளே என்னைத்தான் பிடித்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் பாவம், கத்த மட்டும்தான் செய்தது. நான் தட்டச்சுச் செய்து, பிரதி எடுத்து, முத்திரை ஒட்டித் தபாலிலும் அனுப்பினேன்.

எண்பதுகளின் கடைசி. சிட்னியின் மேற்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் எனக்கு வேலை. யாழ்ப்பாணத்தில் பதினான்கு வருடம் உயர்தர வகுப்புக்குச் சரித்திரம் படிப்பித்தவன் நான். அங்கே நான் வாயைத் திறந்தால் நாற்பது பிள்ளைகள் பேனையைத் திறப்பார்கள். இங்கே காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, ஓடி வருகிற பிஸ்கற்றுகளில் உடைந்ததைப் பொறுக்கி எறிய வேண்டும். எட்டு மணித்தியாலத்தில் என்னோடு பேசுகிற ஒரே ஆள் மேற்பார்வையாளர்தான். அவரும் "குட் மேட், குட்" என்பதைத் தாண்டியதில்லை. வீட்டுக்கு வந்தால் மனைவி முதியோர் இல்லத்தில் பின்னேர வேலைக்குப் போயிருப்பாள். பேசாமல் இருந்து பழகாதவனுக்கு அது பட்டினி கிடப்பதைவிட மோசம்.

எனக்கு மிஞ்சியிருந்தது எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கம். நான் அதன் செயலாளர். பொங்கல் விழாவில் தலைவர் உரை என்று ஒன்று உண்டு. தலைவராக இருந்த ஓய்வுபெற்ற நில அளவையாளருக்குத் தொண்டையில் கோளாறு, பத்துச் சொல்லுக்கு மேல் வராது. அதனால் மூன்று வருடமாக அவர் உரையை நான்தான் ஆற்றினேன். முக்கால் மணித்தியாலம். சிந்துவெளியில் ஏறி, சோழர் காலத்தில் இறங்கி, சிட்னிக்கு வந்து சேர அவ்வளவு நேரம் ஆகத்தானே செய்யும்! பொங்கல் ஆறிக் கட்டியாகிறது என்று சிலர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. பொங்கலைத் திரும்பச் சூடாக்கலாம், சரித்திரத்தைச் சூடாக்க முடியுமா என்று நான் கேட்டேன். அந்த ஒரு நாளை நினைத்துக்கொண்டுதான் மற்ற நாட்களில் பிஸ்கற் பொறுக்கினேன்.

நில அளவையாளர் இனி முடியாது என்று ஒதுங்கினார். அடுத்த தலைவர் நான்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்த நேரம் பார்த்து ஒரு கடிதம் வந்தது. ஹோம்புஷ் பக்கம் பிளற்றுகளில் நாலைந்து பேராக வாடகைக்கு இருந்த இளந்தாரிகள் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஊரில் கலவரத்துக்குப் பிறகு ஓடி வந்தவர்கள். விழாவென்றால் கதிரை தூக்குவது, பந்தல் கட்டுவது, சமைத்த பெரிய கிடாரம் கழுவுவது எல்லாம் அவர்கள்தான். கடிதத்தில் ஒரே கோரிக்கை: சங்க விழாக்களில் எந்தப் பேச்சும் ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு விட வேண்டுமாம்.

ஐந்து நிமிடம்! அவையோரை வணங்கி முடிக்கவே எனக்கு ஆறு நிமிடம் வேண்டும்.

"பிழையென்ன? பெடியள் வடிவாத்தானே எழுதியிருக்கிறாங்கள்" என்றாள் மனைவி.

"நீர் சும்மா இரும். வாடகை வீட்டில இருக்கிறவங்கள் இண்டைக்கு ஹோம்புஷ், நாளைக்கு மெல்பேர்ன். நாங்கள் கட்டி வளத்த சங்கத்துக்கு அவங்களோ சட்டம் போடுறது?"

"அப்ப கிடாரத்தை இனி நீங்கள் கழுவுங்கோவன்" என்று சொல்லிவிட்டு அவள் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அன்றைக்குப் பிடித்த சன்னதத்தில் பரமட்டா நூலகத்துக்குப் போனேன். அங்கே செங்கல் மாதிரி ஒரு புத்தகம், அமெரிக்காவின் ஆரம்ப காலத்தைப் பற்றியது. ஊரில் அந்தப் பாடத்தை இரண்டு பக்கத்தில் முடித்தவன் நான். இப்போது ஆற அமர வாசித்தபோது கண் திறந்தது. அந்தப் பெரிய மனிதர்கள் சுதந்திரம், சமத்துவம் என்று முழங்கினார்களே தவிர, வாக்கைக் கண்டவனுக்கெல்லாம் தூக்கிக் கொடுக்கவில்லை. நிலம் இருக்க வேண்டும். இவ்வளவு ஏக்கர், இல்லையென்றால் இவ்வளவு பெறுமதி என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு அளவு. நிலம் உள்ளவனுக்குத்தான் ஊரில் அக்கறை, இல்லாதவன் யார் கூலி கொடுக்கிறானோ அவன் சொன்னபடி கை தூக்குவான் என்பது அவர்கள் வாதம். தேர்தலுக்கு முதல் நாள் சிநேகிதனுக்கு ஒரு துண்டுக் காணியை எழுதிக் கொடுத்து, வாக்குப் போட்ட பிறகு திருப்பி எழுதி வாங்கிய கெட்டிக்காரர்களும் இருந்திருக்கிறார்கள். கலியாணம் செய்த பெண்ணின் சொத்து புருஷனுக்குப் போய்விடுமாம், ஆகவே அவளுக்கு வாக்கு என்ற பேச்சே இல்லை. நியூ ஜெர்சியில் மட்டும் சட்டத்தைக் கொஞ்சம் கவனமில்லாமல் எழுதிவிட்டார்கள். சொத்துள்ள விதவைகளும் கன்னிப் பெண்களும் வரிசையில் வந்து நின்று முப்பது வருடம் வாக்குப் போட்டார்கள். பிறகு விழித்துக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். அதை வாசித்து நூலகத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். ஒரு சட்டத்தைக்கூட ஒழுங்காக எழுதத் தெரியாத ஆட்கள் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செயற்குழு எங்கள் வீட்டு ஹோலில் கூடியது. முதல் பொதுத் தேர்தல் நடக்கும்வரை விதிகளைச் செயற்குழுவே எழுதலாம் என்று இருந்தது. நான் எழுதியதை வாசித்துக் காட்டினேன். சொந்த வீடு உள்ளவருக்கே வாக்களிக்கவும் பதவிக்குப் போட்டியிடவும் உரிமை. ஒரு வீட்டுக்கு ஒரு வாக்கு. அத்தாட்சியாக, வீட்டு வரிக்குக் கவுன்சில் அனுப்புகிற ரேட்ஸ் நோட்டீசைக் கொண்டுவர வேண்டும்.

செயற்குழுவின் முகங்கள் மலர்ந்தன. எல்லோரும் வீடு வாங்கி இரண்டு மூன்று வருடம்கூட ஆகாதவர்கள். தங்கள் வீட்டுக்கு இப்படியொரு மரியாதை இருப்பது அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது. பொருளாளர் மட்டும் ஒரு சந்தேகம் கிளப்பினார். அவர் ரயில்வேயில் வேலை செய்பவர், எதிலும் ஒரு ஓட்டை பார்ப்பவர். நார்த்மீட்டில் அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து ஒரு வீடு வாங்கியிருந்தார்கள். இருவரும் பேசிக்கொள்வதில்லை. அந்த வீட்டு வாக்கு யாருக்கு?

நான் யோசிக்கவேயில்லை. "நோட்டீசில முதலாவதா ஆற்ற பேர் கிடக்கோ, அவருக்கு" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். மூன்றாவது வரியாக அதையும் சேர்த்தேன்.

"அப்ப பெம்பிளையளுக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

"வீடெண்டால் குடும்பம். குடும்பத்துக்குத் தலைவன் இருக்கிறான்தானே. அமெரிக்காவிலயும் அப்பிடித்தான்."

தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் நின்ற மனைவி என்னையே பார்த்தாள். "இஞ்சருங்கோ, வடிவா யோசிச்சுத்தான் எழுதினீங்களோ?" என்றாள்.

"நீர் தேத்தண்ணியைக் குடும், ஆறப்போகுது."

அவள் கொடுத்தாள். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்ல விடுகிற புருஷனாக நானும் இருந்திருக்கலாம்.

பொதுக்கூட்டம் ஒரு ஞாயிறு காலை, நார்த்மீட்டில் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில். நான் கோட்டுப் போட்டுக்கொண்டு ரேட்ஸ் நோட்டீஸ் எங்கே என்று மனைவியைக் கேட்டேன். வீட்டுக் கடிதங்களெல்லாம் அவள் பொறுப்பு. உறையோடு எடுத்துத் தந்தாள்.

"உள்ளுக்குப் பாக்கேல்லையோ?"

"பாக்க என்ன கிடக்கு? என்ர வீட்டு நோட்டீஸ்தானே."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வடைச் சட்டியைத் தூக்கிக் காரில் வைத்தாள். பலகாரம் செய்கிற பெண்கள் நேரே குசினிக்குப் போய்விடுவது வழக்கம். அவளும் போய்விட்டாள்.

வாசலில் மேசை போட்டு நானும் பொருளாளரும் இருந்தோம். முதல் நோட்டீசைப் பொருளாளர் தன் பையிலிருந்தே எடுத்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றினார். இறக்கினார். துடைத்துவிட்டுத் திரும்பவும் ஏற்றினார்.

"மாஸ்டர், இதில முதல் பேர் என்ர மனிசியின்ர."

"வடிவாப் பாரும்."

"வடிவாத்தான் பாக்கிறன். ரெண்டாவது பேரும் என்ர இல்லை. ரெண்டாவது பேரே இல்லை."

பின்னால் வந்தவரின் நோட்டீசிலும் மனைவி பெயர். அதற்குப் பின்னால் வந்தவருக்கு இரண்டு பெயர், முன்னால் நின்றது மனைவி. வரிசையில் நின்ற ஆண்களெல்லாம் உறையைக் கிழித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு முகமாகப் பேயறைந்த மாதிரிப் போனது. என் உறையை மேசைக்குக் கீழே வைத்துத் திறந்தேன்.

அவள் பெயர். அவள் பெயர் மட்டும்.

ஐயோ, எனக்கு இது தெரியாதா? தெரியும். யாழ்ப்பாணத்தில் வீடு என்றால் பெண்ணுக்குத்தானே! சீதனமாகப் பெண்ணுக்கு எழுதுகிற வீடு கலியாணத்துக்குப் பிறகும் அவளுடைய சொத்து. அந்த வீட்டில் போய்க் குடியிருந்துகொண்டு "என்ர வீடு" என்று சொல்வது மட்டும்தான் மாப்பிள்ளையின் வேலை. என் மாமனார் அவளுடைய சீதன வீட்டை விற்றுத்தான் இங்கே வீட்டுக்கு முற்பணம் அனுப்பினார். வீடு மகளின் பெயரில்தான் இருக்க வேண்டும் என்று கடிதத்தில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தார். நிரந்தர வேலையும் அவளுக்குத்தான் இருந்தது, வங்கிக் கடனும் அவளை நம்பித்தான் வந்தது. சட்டத்தரணியின் அறையில் அவள் கையெழுத்துப் போட, நான் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். அமெரிக்காக்காரன் பெண்ணின் சொத்தைப் புருஷனுக்குக் கொடுத்துவிட்டுப் பிறகுதான் சொத்துக்கு வாக்குக் கொடுத்தான். நான் பின்பாதியை மட்டும் பார்த்துக் கொப்பியடித்துவிட்டேன். சரித்திர மாஸ்டராம் சரித்திர மாஸ்டர்!

முப்பத்துநாலு வீடு வந்தது. அதில் இருபத்துமூன்று பெண்களின் வீடு. மிச்சம் பதினொன்றில் பெரும்பகுதி மலேசியாவிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்த குடும்பங்கள். அவர்களில் ஒருவர்தான் எனக்கு எதிராகத் தலைவர் பதவிக்கு நின்ற பல் வைத்தியர். மலேசியாவிலிருந்து மாணவனாக வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அவர் நோட்டீசில் அவர் பெயர் முழுசாக, முன்னால், கம்பீரமாக நின்றது.

"விதி விதிதான்" என்றார் நில அளவையாளர். அவர் அன்றைய தேர்தல் அதிகாரி. பத்துச் சொல் மட்டுமே வருகிற அந்தத் தொண்டையில் இதைத்தானா சொல்ல வேண்டும்! குசினியிலிருந்த பெண்களைக் கூப்பிட்டார்கள். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து முன் கதிரைகளில் உட்கார்ந்தார்கள். வாக்கில்லாத ஆண்கள் பின்சுவரோடு போய் நிற்க வேண்டியதாயிற்று. சுவரோடு முன்னமே அந்தப் பன்னிரண்டு இளந்தாரிகளும் நின்றார்கள். ஒருவன் நகர்ந்து இடம் விட்டான்.

"வாங்கோ மாஸ்டர், இதில நில்லுங்கோ. இதில சாஞ்சால் முதுகு நோகாது."

உண்மையான அன்போடுதான் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆப்பிழுத்த குரங்குக்கு அனுதாபமும் சேர்ந்தால் எப்படி இருக்கும்!

விதியை மாற்ற வேண்டும் என்று பொருளாளர் சுவரிலிருந்து கத்தினார். வாக்கில்லாதவர் பிரேரணை கொண்டுவர முடியாது என்று நில அளவையாளர் சைகை காட்டினார். முன்வரிசையில் ஒரு அன்ரி, எங்கள் செயற்குழுக்காரர் ஒருவரின் மனைவி, சாவகாசமாக எழுந்தார். "ஏன் இப்ப அவசரப்படுறியள்? ஒரு வருசம் இப்பிடியே விட்டுப் பாப்பமே. அவையள் நிண்டு பழகட்டும்." மண்டபம் அதிரச் சிரித்தார்கள் பெண்கள். இன்னொருத்தி, ஆம்பிளையள் விண்ணப்பம் எழுதித் தரட்டும், இரண்டு பேரின் நற்சான்றோடு, என்றாள். சுவரோடு நின்ற புருஷர்கள் என்னைப் பார்த்த பார்வையில் அன்றைக்கே நான் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும்.

அப்போது என் மனைவி எழுந்தாள். அவள் சபையில் பேசி நான் கண்டதில்லை. பேச நான் நேரம் விட்டதும் இல்லை.

"வீட்டுக்குக் கதவிருக்கு, யன்னலிருக்கு. வாயில்லை" என்றாள். "வாக்கு ஆளுக்குத்தான் இருக்க வேணும். பதினெட்டு வயசானால் போதும். வீடிருந்தாலென்ன, வாடகைக்கிருந்தாலென்ன, ஆணெண்டாலென்ன, பெண்ணெண்டாலென்ன. கிடாரம் கழுவிற பெடியளுக்கும் இருக்கட்டும். சுவரோட நிக்கிற எங்கட ஆக்களுக்கும் இருக்கட்டும், பாவம்." கொஞ்சம் நிறுத்தி, "வடை ஆறுது, கெதியாக் கையைத் தூக்குங்கோ" என்றாள்.

தூக்கினார்கள். வீடு உள்ளவர்கள் எல்லோரும், அந்த ஒரு வருட அன்ரி உட்பட. அமெரிக்காவில் நிலமில்லாத வெள்ளைக்காரனுக்குக் கதவு திறக்கவே ஐம்பது அறுபது வருடம் இழுபட்டது. பெண்களுக்கும் கறுப்பு மனிதர்களுக்கும் அதற்கு எவ்வளவோ காலம் பிறகு. எங்கள் பெண்கள் வடை ஆறுவதற்குள் முடித்துவிட்டார்கள். அடுத்ததாக ஐந்து நிமிடப் பிரேரணையும் வந்தது. அதற்கு எழுந்த கைகளை நான் எண்ணவில்லை.

பிறகு தலைவர் தேர்தல், கடதாசியில், இரகசியமாக. எனக்கும் இப்போது வாக்கு இருந்தது, போட்டியிடவும் முடியும். பேச நேரம் தந்தார்கள். நான் எழுந்து, "என்னைத் தெரியும்தானே" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

கடதாசியைக் கையில் வாங்கியபோது அந்தப் பாழாய்ப்போன புத்தகம் மறுபடியும் நினைவுக்கு வந்தது. பழைய வர்ஜீனியாவில் போட்டியிடுகிற கனவான்கள் ஒருவர் மற்றவருக்கு வாக்களிப்பது மரியாதையாம். தனக்குத் தானே போடுவது அற்பத்தனமாம். மானம் போன அந்த நேரத்தில் ஒரு கனவானாகவாவது இருப்போமே என்று தோன்றியது. பல் வைத்தியரின் பெயருக்கு நேரே புள்ளடி போட்டேன். அவர் எனக்குப் போடுவார், கணக்குச் சரியாகிவிடும்.

எண்ணி முடித்து நில அளவையாளர் வாசித்தார். பெண்கள் பாதிப்பேர் அந்த நேரம் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பல் வைத்தியருக்கு எண்பத்தொன்று. எனக்கு ஒன்று.

செயற்குழுவில் எனக்குக் கை தட்டியவர்கள்கூட இல்லை. பல் வைத்தியர் என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "சார், தப்பா நெனைக்காதீங்க. எங்க தோத்துருவேனோன்னு பயத்துல நானே எனக்குப் போட்டுக்கிட்டேன்" என்றார். எண்பத்தொன்று வாங்கிய மனிதர்! பரவாயில்லை என்றேன். அந்த ஒன்று அவருடையதாக இருக்கும் என்று நினைத்துத்தான் நான் அதுவரை நிமிர்ந்து நின்றேன். அப்படியானால் சுவரோடு இடம் விட்ட அந்தப் பெடியனாக இருக்கும், பாவம் பார்த்துப் போட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். இனிப் பொங்கலுக்குப் பொங்கல் முக்கால் மணித்தியாலமும் இல்லை, பிஸ்கற் மட்டும்தான்.

காரில் ஏறி வெறும் வடைச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு மனைவி கேட்டாள். "என்னவாம்? குசினியில ஒண்டும் கேக்கேல்லை."

"அவருக்கு எண்பத்தொண்டு."

"உங்களுக்கு?"

"ஒண்டு."

"ஒண்டோ?" என்று என் பக்கம் திரும்பினாள். "ரெண்டெல்லே வரவேணும்?"

காரைக் கிளப்பத் திறப்பைப் போட்ட நான் அதைத் திருப்பவில்லை. எனக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. விளங்கியதும் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை. "நான் அவருக்குப் போட்டிட்டன்" என்றேன். "ஒரு மரியாதைக்கு."

"விசரே உங்களுக்கு?" என்று தொடங்கினாள். அத்தனை பெண்களுக்கு நடுவில், உன் மனுஷனுக்குப் போடாதே என்று எல்லோரும் சொல்லச் சொல்ல, இந்த மனுஷன் பேசாவிட்டால் செத்துப்போகும் என்று தான் ஒருத்தி போட்டதை, நார்த்மீட்டிலிருந்து வீடு வரைக்கும் ஒரு சொல் விடாமல் சொல்லித் திட்டினாள். ஐந்து நிமிடத்துக்கு மேலே போயிருக்கும். கலியாணம் செய்து பன்னிரண்டு வருடத்தில், நடுவில் வாயைத் திறக்காமல் நான் முழுசாகக் கேட்ட அவளுடைய முதல் பேச்சு அது.